மூன்று நிமிட எம்.பி.

எங்கள் ஊர்ப் பக்கத்தில் எம்.பி. என்றால் ஓட்டுக் கேட்டு வருகிறவர். ஜீப்பில் நின்றபடி கும்பிட்டுக்கொண்டே வருவார், பெண்கள் ஆரத்தி எடுப்பார்கள், ஜெயித்தால் பட்டாசு வெடிக்கும். இது எதுவுமே நடக்காமல் எங்கள் வக்கீல் சார் எம்.பி. ஆகிவிட்டதில் காரிமங்கலத்துக்குக் கொஞ்சம் குழப்பம்தான். வாரச்சந்தையில், தக்காளிக் கூடைகளுக்கு நடுவே, ஒரு பெரியவர் அவரிடமே கேட்டுவிட்டார்.

"நாங்க யாரும் ஓட்டே போடலீங்களே வக்கீலு, நீங்க எப்பிடி எம்பி ஆனீங்க?"

"இது மாநிலங்களவைங்க. எம்எல்ஏங்க ஓட்டுப் போட்டு அனுப்பறதுங்க."

"அப்ப நீங்க எம்எல்ஏங்களுக்குத்தான் எம்பி. எங்களுக்கு இல்லீங்க."

இதை அவரே என் கடைக்கு வந்து என்னிடம் சொல்லிச் சிரித்தார். இத்தனை வருஷம் கோர்ட்டில் நின்றும் இப்படி ஒரு பாயிண்டை எந்த எதிர்த்தரப்பு வக்கீலும் எடுத்ததில்லை என்றார்.

நான் அப்போது பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே டைப்பிங் சென்டர் வைத்திருந்தேன். ஆங்கில இலக்கியம் படித்துவிட்டு வாடகை ஒப்பந்தமும் பயோடேட்டாவும் அடித்துக்கொண்டிருந்தேன். வக்கீல் சாரின் மனுக்கள் எல்லாம் என்னிடம்தான் வரும். அதனால் அவருடைய வாக்கியங்களின் நீளம் எனக்கு நன்றாகத் தெரியும். ஒரு வாக்கியம் பக்கத்தின் மேலே தொடங்கினால், கீழே முற்றுப்புள்ளி வருவதற்குள் டீ ஆறிப்போகும்.

அவர் பதவி ஏற்ற வாரத்தில் அவருடைய மனைவி என் கடைக்கு வந்தார். அவர் எங்கள் அரசுப் பெண்கள் பள்ளியில் பி.டி. டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். என்னை நானூறு மீட்டர் ஓட வைத்தவர். எனக்குக் கல்யாணமாகி, குழந்தை பிறந்து, தலையில் நான்கு நரைமுடி வந்த பிறகும், அவரைப் பார்த்தால் என் முதுகு தானாக நிமிரும்.

"நாளையிலேர்ந்து வூட்டுக்கு வந்துரு" என்றார் மேடம். "சாருக்குப் பேச்சு எழுதித் தரணும். தமிழ்லயும் வேணும், இங்கிலீஷுலயும் வேணும். எழுதறதுகூட பெரிசில்ல. சுருக்கணும். அதுதான் முக்கியம்."

யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லலாம்தான். நான் "சரிங்க மேடம்" என்றேன்.

சுருக்குவது ஏன் அவ்வளவு முக்கியம் என்பது சாருடைய முதல் பேச்சிலேயே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. காலையில் அவை கூடியதும் அவசரமான பொதுப் பிரச்சினைகளை எழுப்ப உறுப்பினர்களுக்கு ஒரு வாய்ப்பு உண்டு. பூஜ்ய நேரம் என்பார்கள். ஓர் ஆளுக்கு மூன்று நிமிடம். நேரம் முடிந்தால் மைக் தானாக அணைந்துவிடும். அவைத்தலைவரே நினைத்தாலும் அதற்கு இரக்கம் கிடையாது.

எங்கள் மாவட்டத்துக் குடிநீரைப் பற்றிப் பேச வேண்டும் என்று சார் ஆசையாக எழுந்தார். அவைத்தலைவருக்கு நன்றி சொன்னார். கட்சித் தலைமைக்கு நன்றி சொன்னார். மாவட்ட மக்களுக்கு நன்றி சொன்னார். பிறகு காவிரி எங்கள் மாவட்டத்துக்குள் எப்படி நுழைகிறது, ஒகேனக்கல்லில் எப்படி விழுகிறது, பரிசலில் போனால் சாரல் எப்படி முகத்தில் அடிக்கும் என்றெல்லாம் விவரித்தார். "ஆனால், மாண்புமிகு தலைவர் அவர்களே..." என்று அவர் விஷயத்துக்கு வந்த இடத்தில் மைக் அணைந்தது. அது அவருக்குத் தெரியவில்லை. கையை உயர்த்தி, தாழ்த்தி, விரலை நீட்டி இன்னும் கொஞ்ச நேரம் உணர்ச்சியோடு பேசினார். டிவியில் வாய் மட்டும் அசைந்தது.

அன்று சாயங்காலமே அந்த வீடியோ மாவட்டம் முழுக்கச் சுற்றியது. யாரோ அதில் ஆட்டுக்குட்டி கத்தும் சத்தத்தைச் சேர்த்துவிட்டிருந்தார்கள். மிகப் பொருத்தமாக இருந்தது. 'மூன்று நிமிட எம்.பி.' என்ற பெயரும் அப்போது வந்ததுதான்.

டெல்லியிலிருந்து திரும்பியவர் இரண்டு நாள் வெளியே வரவில்லை. மூன்றாம் நாள் காலையில் நான் போனபோது மாடியில் விசில் சத்தம் கேட்டது. ஏறிப் பார்த்தால், சார் ஒரு நாற்காலியின் பின்னால், அதையே மேசையாகப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். எதிரே மேடம், கழுத்தில் விசில், கையில் பள்ளிக்கூட ஸ்டாப் வாட்ச்.

"ரெடி... ஸ்டார்ட்!"

"மாண்புமிகு அவைத்தலைவர் அவர்களே, இந்த மாபெரும் அவையிலே, எளியவனாகிய எனக்கு..."

விசில்.

"இன்னும் ஒரு நிமிஷம்கூட ஆகலையேம்மா?"

"எளியவனாகியன்னு சொன்னீங்கல்ல, அது ஃபவுல்."

இப்படித்தான் எங்கள் பயிற்சி நடந்தது. நான் எழுதுவேன், சார் நீட்டுவார், மேடம் ஊதுவார். பக்கத்து வீட்டுக்காரர்கள் முதலில் மேடம் மறுபடியும் வேலைக்குச் சேர்ந்துவிட்டார் என்று நினைத்தார்கள். கொஞ்ச நாளில் சாருக்கு ஒரு பழக்கம் படிந்தது. நன்றி சொல்வதை ஒரு மூச்சில் முடித்துவிடுவார். ஆனாலும் எதைப் பேசுவது என்பதில் மட்டும் அவருக்குத் திருப்தி வரவில்லை. கோரிக்கை மனுக்கள் நிறைய வந்தன. எல்லாமே நியாயமானவைதான். ஆனால் எதை வாசித்தாலும் நான்கு பேர் ஏற்கெனவே பேசியது மாதிரியே இருக்கிறது என்பார்.

அந்தச் சமயத்தில்தான் சித்தேரி மலைப் பக்கம் ஒரு பள்ளியின் புது வகுப்பறையைத் திறந்து வைக்கக் கூப்பிட்டார்கள். அரூர் வழியாகக் காரில் போனோம். சார், மேடம், நான். விழா சீக்கிரம் முடிந்துவிட்டது. சாப்பாடு ஆகக் கொஞ்சம் நேரமாகும் என்றார்கள். அதுவரை அப்படியே நடந்துவிட்டு வரலாம் என்று அடுத்த சிற்றூர்வரை போனோம். சாமைக் காடுகளைத் தாண்டியதும் எதிரே ஒரு பெரிய பாறைச் சரிவு. அதில் பெண்கள் வரிசையாக ஏறிக்கொண்டிருந்தார்கள். சிலர் இடுப்பில் குழந்தை. சிலருக்கு நிறைமாதம். நல்ல வெயில்.

மேலே ஏதோ சாமி இருக்கிறது என்று நினைத்து சார் செருப்பைக் கழற்றிவிட்டார்.

வரிசையின் கடைசியில் ஒரு பெண் குடையோடு வந்துகொண்டிருந்தார். அந்த ஊர் அங்கன்வாடிப் பணியாளர். ஊரில் அவரை பால்வாடி டீச்சர் என்பார்கள்.

"மேல என்னா கோயிலுங்க?" என்று கேட்டார் சார்.

"கோயில் இல்லீங்க சார். சிக்னலு."

"என்னது?"

"போனு சிக்னலுங்க. ஊருக்குள்ள ஒரு புள்ளிகூட வராது. இந்தப் பாறை மேலதான் வரும். இன்னைக்கு மாவு குடுக்கற நாளுங்க."

பிறகு நடந்தவாறே விளக்கினார். கர்ப்பிணிகளுக்கும் பால் கொடுக்கும் தாய்மார்களுக்கும் அரசு சத்துமாவுப் பாக்கெட் தருகிறது. வாங்குகிறவர் உண்மையிலேயே அவர்தானா என்று உறுதிசெய்ய, அவருடைய முகத்தைப் பணியாளரின் செல்போன் கேமராவில் காட்ட வேண்டும். போன் அதை எங்கேயோ அனுப்பும். அங்கிருந்து சரி என்று பதில் வந்தால்தான் மாவு. ஊருக்குள் சிக்னல் இல்லாததால் எல்லோரையும் பாறைக்குக் கூட்டிவருகிறார்.

மேலே போய் நாங்களும் பார்த்தோம். ஒவ்வொருவராக முன்னால் வந்து நின்றார்கள். காற்று முடியைக் கலைத்தது. வெயிலில் கண் கூசியது.

"கண்ணச் சிமிட்டு" என்றார் பால்வாடி டீச்சர். "இன்னொருக்கா. நல்லா தொறந்து மூடு."

உயிருள்ள ஆள்தான் நிற்கிறார் என்று போனுக்குத் தெரிய வேண்டுமாம். அதற்குத்தான் சிமிட்டல். போன் யோசித்தது, யோசித்தது, பிறகு மறுபடியும் முயலச் சொன்னது. அந்தப் பெண் சிரித்தபடி மறுபடி சிமிட்டினாள்.

பாதி வழியில் ஒருத்தி கல்லில் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். இருபது இருபத்திரண்டு வயதிருக்கும். பிரசவத்துக்கு அதிக நாள் இல்லை என்பது பார்த்தாலே தெரிந்தது. மேடம் இறங்கிப்போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஏம்மா, இந்த நெலைமையில ஏறலாமா?"

"ஏறும்போது புள்ளையத் தூக்கிக்கினு ஏறறேன், எறங்கும்போது புள்ளையோட மாவையும் தூக்கிக்கினு எறங்கறேங்க" என்றாள் அவள். சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். மேடம் சிரிக்கவில்லை. அவர் கோபமாக இருந்தால் மூக்கு நுனி சிவக்கும். பள்ளியில் படித்த எல்லோருக்கும் அது தெரியும்.

கீழே வந்ததும், விழாவுக்கு வந்திருந்த அதிகாரி ஒருவரிடம் சார் இதைப் பற்றிக் கேட்டார். அவர் தன்மையான மனிதர். இல்லாத ஆள் பெயரில் பொருள் போகாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு என்றும், முன்பு பல இடங்களில் அப்படிப் போனதுண்டு என்றும், சிக்னல் இல்லாத ஊர்களைப் பற்றி மேலே எழுதியிருப்பதாகவும் சொன்னார்.

திரும்பும் வழியில் அரூர் தாண்டும்வரை சார் ஜன்னல் வழியே மலையையே பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு, "காரணம் நியாயமானதுதான். பாறைதான் நியாயமில்ல" என்றார்.

"இதைத்தான் பேசப் போறீங்க" என்றார் மேடம்.

பேச்சை எழுதி முடிக்க ஒரு வாரம் ஆனது. சார் அரசியலமைப்புச் சட்டத்திலிருந்து தொடங்க விரும்பினார். மேடம் ஊதினார். நாட்டின் ஊட்டச்சத்து நிலவரத்திலிருந்து தொடங்கலாமா என்றார். மேடம் விசிலை வாயில் வைத்துக்கொண்டே முறைத்தார். நான் எழுதிய முதல் வரி இதுதான்: 'எங்கள் மாவட்டத்தில் ஒரு பாறை இருக்கிறது.' சார் அதை இரண்டு முறை வாசித்துப் பார்த்தார். "ரொம்பச் சாதாரணமா இருக்குதே" என்றார். பிறகு எழுந்து நின்று சத்தமாகச் சொல்லிப் பார்த்தார். "பரவால்ல. எல்லாரும் என்னா பாறைன்னு கேப்பாங்க" என்றார்.

அவர் தமிழில்தான் பேசுவார். அதைக் கேட்டுக்கொண்டே மொழிபெயர்ப்பாளர்கள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் சொல்வார்கள். அவர்களுக்கு உதவியாக நான் முன்கூட்டியே ஒரு பிரதி அனுப்பிவைப்பேன். அனுப்பிய மறுநாள் டெல்லியிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டார். சென்னைத் தமிழ்.

"மேடம், இந்த சிக்னல் பாறைன்னு வருதே, அது வழிபாட்டு இடமா? எந்த சாமின்னு தெரிஞ்சா மொழிபெயர்க்க வசதியா இருக்கும்."

"சாமி இல்லீங்க. செல்போன் சிக்னலுங்க."

மறுமுனையில் தாள் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "அவ்வளவு பேரும் அதுக்கா ஏறுறாங்க?" என்றார். குரலே மாறியிருந்தது. பேச்சு டெல்லியில் ஓர் ஆளையாவது தொட்டுவிட்டது என்று சாரிடம் போய்ச் சொன்னேன். அவருக்கு அன்று முழுக்க சந்தோஷம்.

ஆனால் பேசத்தான் முடியவில்லை. கூட்டத்தொடர் தொடங்கியதிலிருந்து ஏதோ ஒரு பெரிய விவகாரத்துக்காக தினமும் அமளி. காலையில் அவை கூடும், எல்லோரும் எழுந்து கத்துவார்கள், ஒத்திவைப்பார்கள். சார் டெல்லியிலிருந்து போன் செய்வார்.

"இன்னைக்கும் அமளிதாம்மா."

"நீங்களும் கத்துனீங்களா?" என்று மேடம் கேட்பார்.

"கட்சி சொன்னா எந்திரிக்கணும்ல. எந்திரிச்சேன். கத்தல. தொண்டையப் பேச்சுக்கு வெச்சிருக்கேன்."

ஊரில் கிண்டல் தொடர்ந்தது. மூன்று நிமிடமும் போய் இப்போது மூன்று நொடிகூட வாய் திறப்பதில்லையே என்று டீக்கடையில் என்னிடமே கேட்டார்கள். மேடம் காதிலும் விழுந்திருக்கும். அவர் காட்டிக்கொள்ளவில்லை.

ஒருநாள் மாலையில் சார் கூப்பிட்டார். அமளி ஓய்ந்துவிட்டது, மறுநாள் பேசுகிறவர்கள் பட்டியலில் தன் பெயர் வந்துவிட்டது என்றார். மேடம் உடனே, "நாளைக்குக் காத்தால காரு எடுக்கச் சொல்லு. மலைக்குப் போறோம்" என்றார் என்னிடம்.

"எதுக்குங்க மேடம்? வூட்டுலயே டிவி இருக்குதுங்களே."

"நானும் நீயும் பாத்து என்னா ஆவப்போவுது? அவங்க பாக்கணும்."

பால்வாடி டீச்சருக்கு எப்படியோ தகவல் போய்ச் சேர்ந்துவிட்டது. நாங்கள் போனபோது பாறை மேல் ஏற்கெனவே கூட்டம். மாவு கொடுக்கும் நாள் இல்லை. எங்கள் எம்.பி. பேசுவதைப் பார்க்க வந்திருந்தார்கள். மேடம் வலிக்கிற முழங்காலோடு ஏறினார். அன்று கல்லில் உட்கார்ந்திருந்த பெண் இப்போது கைக்குழந்தையோடு வந்திருந்தாள். ஆண் குழந்தை. என் போனை ஒரு தண்ணீர்க் குடத்தின் மேல் சாய்த்து வைத்தோம். எல்லோரும் சுற்றி உட்கார்ந்தார்கள்.

நாடாளுமன்ற டிவி வந்தது. படம் நிற்கும், ஓடும், மறுபடி நிற்கும்.

"இது யாருங்க, உக்காந்தே தூங்கறாரு?" என்றாள் ஒருத்தி.

"தூங்கலடி, யோசிக்கறாரு."

"எங்க மாமனாரும் இப்பிடித்தான் யோசிப்பாரு."

அடுத்தடுத்து யார் யாரோ பேசினார்கள். பெண்களுக்கு ஒரு மொழியும் புரியவில்லை. திடீரென்று மேடம் என் கையைப் பிடித்து அழுத்தினார். சார் எழுந்து நின்றார்.

அந்தச் சின்னத் திரையில் அவர் இன்னும் சின்னதாகத் தெரிந்தார். நன்றியை ஒரே மூச்சில் முடித்தார். பிறகு சொன்னார்.

"எங்கள் மாவட்டத்தில் ஒரு பாறை இருக்கிறது."

பாறை மேல் ஒரு சலசலப்பு. "நம்ம பாறைடி!" என்று யாரோ சொன்னார்கள். பால்வாடி டீச்சர் அதட்டினார்.

நிறைமாதக் கர்ப்பிணிகள் அதில் ஏன் ஏறுகிறார்கள் என்று சார் சொன்னார். முகத்தைக் காட்டி, கண்ணைச் சிமிட்டி, காத்திருப்பதைச் சொன்னார். இல்லாத ஆளுக்குப் பொருள் போகக் கூடாது என்பதை ஒப்புக்கொள்கிறேன், ஆனால் இருக்கிற ஆள் இருக்கிறாள் என்று நிரூபிக்க மலையேற வேண்டுமா என்று கேட்டார். குரலை உயர்த்தவில்லை.

"இந்த அவையில் மூன்று நிமிடத்தில் என் மைக் அணைந்துவிடும். அதனால் எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை, நாளைக்கு மறுபடி பேசிக்கொள்வேன். அங்கே சிக்னல் அணைந்தால்..."

படம் நின்றுவிட்டது. சாரின் வாய் திறந்தபடியே உறைந்துபோனது.

"கட் பண்ணிட்டாங்களா?" என்றார் மேடம். மணிக்கட்டைப் பார்த்தார். "இன்னும் நேரம் இருக்குது. எப்பிடிக் கட் பண்ணுவாங்க?"

"அங்க இல்லீங்க மேடம், இங்கதான் சிக்னல் போயிருச்சு."

நான் போனைத் தூக்கிக்கொண்டு பாறையின் விளிம்புவரை ஓடினேன். பள்ளியில் ஓடியதற்குப் பிறகு அப்போதுதான் அப்படி ஓடியிருப்பேன். ஒரு புள்ளி வந்தது. படம் திரும்பியபோது திரையில் சார் இல்லை. வேறொரு பெண் உறுப்பினர் எழுந்து நின்று ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருந்தார். வடகிழக்கு மலை மாநிலம் ஒன்றைச் சேர்ந்தவர், வேறு கட்சி, சார் கட்சிக்கு நேர் எதிரான கட்சி. எங்கள் மலையிலும் இதே கதைதான், இந்தக் கோரிக்கையில் நானும் சேர்ந்துகொள்கிறேன் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அவருக்குப் பின்னால் இன்னும் சில கைகள் உயர்ந்தன. நான் அதைத் தமிழில் சொன்னதும் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அவங்க ஊருலயும் பாறை இருக்குதா?" என்றாள் கைக்குழந்தைக்காரி.

சற்று நேரத்தில் சாரிடமிருந்தே போன். மேடம் ஸ்பீக்கரில் போட்டார்.

"கேட்டுச்சாம்மா?" குரலில் மூச்சு வாங்கியது.

"பாதி கேட்டுச்சு. சிக்னல் அணைஞ்சான்னு சொன்னீங்க, சிக்னலே அணைஞ்சிருச்சு. மீதிய இப்ப சொல்லுங்க. எல்லாரும் இங்கதான் உக்காந்திருக்காங்க."

"இப்பவா? நான் வெளிய நடையில நிக்கறேன்."

"பரவால்ல, சொல்லுங்க."

அவர் சொன்னார். டெல்லியில் எங்கேயோ ஒரு நடையோரத்தில் நின்றுகொண்டு, விட்ட இடத்திலிருந்து தொடங்கினார். சிக்னல் அணைந்தால் ஒரு தாயின் கைக்கு வர வேண்டிய மாவு நின்றுவிடும், கருவில் இருக்கும் குழந்தைக்கு நாளைக்கு மறுபடி என்பது கிடையாது என்று சொன்னார். சிக்னல் இல்லாத ஊர்களில் முதலில் மாவைக் கொடுங்கள், பதிவை அப்புறம் செய்துகொள்ளுங்கள் என்று கேட்டதைச் சொன்னார். அத்தோடு நிற்கவில்லை. மூன்று நிமிடத்துக்காக நாங்கள் வெட்டிய எல்லாவற்றையும், அரசியலமைப்புச் சட்டம் உட்பட, சொல்லிக்கொண்டே போனார். மேடம் ஊதவில்லை. பெண்கள் அசையாமல் கேட்டார்கள். அவர் முடித்ததும் கைதட்டினார்கள். சார் மறுமுனையில் என்ன செய்வதென்று தெரியாமல், "நன்றிங்க, எல்லாரும் பாத்து எறங்குங்க" என்றார்.

எந்த வேலையையும் ஒரு பேச்சு முடித்துவிடுவதில்லை என்பதை அதற்கப்புறம்தான் நான் கற்றுக்கொண்டேன். சில வாரம் கழித்து அமைச்சகத்திலிருந்து பதில் வந்தது. கோரிக்கை பரிசீலனையில் இருக்கிறது. சார் சோர்ந்துபோவார் என்று பயந்தேன். அவர் சாவகாசமாகக் கண்ணாடியைத் துடைத்தபடி, "கோர்ட்டுல வாய்தா மாதிரிதான். அடுத்த தேதிக்குப் போவோம்" என்றார். எழுத்துபூர்வமாகக் கேள்வி கேட்டார். அந்தத் துறை மீதான விவாதம் வந்தபோது, கட்சிக்குக் கிடைத்த கொஞ்ச நேரத்தில் பாதியை வாங்கிக்கொண்டு மறுபடி பேசினார். வடகிழக்கு உறுப்பினரும் தன் பங்குக்கு எழுதினார். அவையில் அவர்கள் இரண்டு பேரும் எதிரெதிரே நின்று கோஷம் போட்ட நாட்களும் உண்டு. மாலையில் கேன்டீனில் சேர்ந்து டீ குடிப்பார்களாம். அந்த உறுப்பினரின் ஊர் டீ பற்றிச் சார் மேடத்திடம் சொல்ல, நம்ம ஊர் ராகியையும் புளியையும் ஒரு பையில் கட்டிக் கொடுத்து அனுப்பினார் மேடம்.

கடைசியில் சுற்றறிக்கை வந்தது. சிக்னல் இல்லாத இடங்களில் மாவை முதலில் கொடுத்துவிடலாம். பணியாளர் சிக்னல் கிடைக்கும் இடத்துக்குப் போகும்போது பதிவுசெய்துகொள்ளலாம். சார் பேசியதால்தான் அது வந்தது என்று நான் சொல்ல மாட்டேன். பல பேர் எழுதியிருந்தார்கள், பல பேர் கேட்டிருந்தார்கள், அந்தத் தன்மையான அதிகாரிகூட எழுதியிருந்தார். ஆனால் காரிமங்கலத்தில் அதெல்லாம் எடுபடவில்லை. தன்னை எம்.எல்.ஏ.க்களின் எம்.பி. என்று சொன்ன அதே பெரியவர் சந்தையில் கூப்பிட்டு ஒரு பை நிறையத் தக்காளி கொடுத்ததாகச் சார் பெருமையோடு கொண்டுவந்தார். மேடம் அதில் தொக்கு செய்தார்.

சுற்றறிக்கையைச் சொல்ல மூவரும் மறுபடி மலைக்குப் போனோம். செய்தி எங்களுக்கு முன்பே போயிருந்தது, அங்கன்வாடியிலேயே மாவு கொடுத்துக்கொண்டிருந்தார்கள். பால்வாடி டீச்சர் சந்தோஷமாக நாற்காலி போட்டார். மற்ற பெண்களிடம் எதிர்பார்த்த உற்சாகம் இல்லை. நன்றி சொன்னார்கள், சிரித்தார்கள், ஆனால் என்னவோ குறைந்தது. சார் அதைக் கவனித்துவிட்டார்.

"என்னாம்மா, ஏதாவது பிரச்சினையா?"

கைக்குழந்தைக்காரிதான் வாயைத் திறந்தாள். அந்தக் கைக்குழந்தை இப்போது தவழ்ந்துகொண்டிருந்தது.

"நல்லதுதாங்க பண்ணீங்க. மாவு வூட்டுக்கிட்டயே கெடைக்குது. ஆனா பாறைக்குப் போறதுக்கு இப்ப சாக்கு இல்லாம போச்சுங்க."

"சாக்கா?"

"அங்க போனாத்தாங்க எங்க அம்மாகிட்டப் பேச முடியும். முகம் பாத்துப் பேசலாம். மாவு வாங்கப் போறேன்னா வூட்டுல ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. சும்மா போறேன்னா, காட்டுல வேலை கெடக்குது, போனு என்னாத்துக்கும்பாங்க. நாங்க எல்லாரும் ஒண்ணா உக்காந்து பேசறதும் அங்கதானுங்க."

சார் மேடத்தைப் பார்த்தார். மேடம் அடக்கப் பார்த்தும் முடியாமல் சிரித்துவிட்டார். பிறகு எல்லோருமே சிரித்தார்கள். சாருக்கு மட்டும் முகம் தொங்கிவிட்டது. நாடாளுமன்றம்வரை போய்ப் பேசி ஒரு கூட்டத்தின் ஒரே பொழுதுபோக்கைக் கெடுத்துவிட்டோமே என்று நினைத்திருப்பார்.

"அதுக்கென்னா" என்றார் மேடம். "சாக்குத்தானே வேணும்? கர்ப்பவதிங்க வேணாம், புள்ளை பெத்து ஓரளவுக்குத் தேறினவங்க வாரம் ஒரு நாள் நடக்கணும். ஒடம்புக்கு நல்லது. பி.டி. டீச்சர் சொன்னேன்னு வூட்டுல சொல்லுங்க. யாராச்சும் கேட்டா எங்கிட்ட பேசச் சொல்லுங்க."

அந்த மூக்கு நுனியை நேரில் பார்த்திருந்த மாமியார்கள் யாரும் கேட்கவில்லை என்று பிறகு தெரிந்தது.

சார் தன் பங்குக்கு, தொகுதி மேம்பாட்டு நிதியில் அந்தப் பாறை மேலேயே நிழலுக்கு ஒரு கூரை போட எழுதினார். அதற்கு என்ன பெயர் வைப்பது என்பதில் சிக்கல் வந்தது. அனுமதிக்கப்பட்ட வேலைகளில் பயணியர் நிழற்குடை இருந்தது. என்ஜினியர் ஒருவர் வீட்டுக்கே வந்து, தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"சார், அங்க பஸ்ஸே வராதுங்களே. ரோடே பாதி வரைக்குந்தான் இருக்குது. பயணியர் நிழற்குடைன்னா ஆடிட்டுல கேப்பாங்க."

"அங்க வர்றவங்க எல்லாரும் நடந்து வர்றாங்க. நடந்து வர்றவங்க பயணி இல்லைங்களா?" என்றார் சார்.

என்ஜினியர் நியாயமான மனிதர். யோசித்துவிட்டு, சமுதாயக் கூரை என்று போட்டால் ஒத்துவரும் என்று அவரே வழி சொன்னார். அப்படியே போட்டார்கள்.

போன மாதம் வேறு வேலையாக அரூர் போன நான், மலைக்கும் போய்விட்டு வந்தேன். சாருடைய அடுத்த பேச்சு கால்நடை மருத்துவர்கள் பற்றாக்குறை பற்றி. அதற்காக மலையில் ஆடு வளர்ப்பவர்களிடம் சில விவரம் கேட்க வேண்டியிருந்தது. கூரையின் கீழ் ஏழெட்டுப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி புளி கொட்டை நீக்கிக்கொண்டிருந்தாள். ஒருத்தி போனைக் கையில் நீட்டிப் பிடித்து, மடியிலிருந்த பெண் குழந்தையை அதில் காட்டிக்கொண்டிருந்தாள். மறுமுனையில் அவள் அம்மா ஏதோ கேட்டாள் போலிருக்கிறது.

"பல்லு வந்துருச்சும்மா, பாரு" என்று குழந்தையின் கீழுதட்டை விரலால் மெல்ல இறக்கிக் காட்டினாள். குழந்தை அவள் விரலைக் கடித்தது.

நான் அவர்களோடு கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு, ஆட்டுக்காரர்களைத் தேடிப் போனேன்.